நடத்தைக்கு ஒன்று

என் பெயர், கணவர் பெயர், முகவரி ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளன. வயது நாற்பத்தொன்பது. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் மடிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். அங்கே எல்லோரும் என்னை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் இல்லை.

ஆலை அலுவலகத்தின் அலமாரியிலிருந்து பச்சைக் கோப்பு ஒன்றை நான் திருடிச் சென்றுவிட்டதாக எச்.ஆர். அதிகாரி கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கோப்பை எடுத்தது நான்தான். ஏன் எடுத்தேன் என்பதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும், எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது, பொறுமையாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இதைப் பதிவு செய்யும் போலீஸ் அதிகாரி சரி என்றார்.

எங்கள் ஆலைக்குத் தினமும் ஐந்து ஆஸ்பத்திரிகளிலிருந்து துணி வருகிறது. அழுக்குப் பக்கத்தில் பிரித்துத் துவைத்த பிறகு, பாதி ஈரத்தோடு தள்ளுவண்டியில் எங்கள் பிரிவுக்கு வரும். எங்களிடம் இஸ்திரி உருளை இரண்டு இருக்கின்றன, ஒவ்வொன்றும் கட்டில் அகலம். இந்தப் பக்கம் இரண்டு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்து உருளைக்குள் கொடுப்பார்கள், அந்தப் பக்கம் இரண்டு பேர் சூடாக வருவதை வாங்கி மடிப்பார்கள். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். வெயில் மாதங்களில் அங்கே நிற்பது அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பது போல. பிரிவில் என்னைச் சேர்க்காமல் இருபத்தொரு பேர். அவர்களில் ஒருவர் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். பதினாறு வருடமாக உருளையில் நிற்கிறாள். ஆஸ்பத்திரியில் விரிப்புக்குள் விட்டுப்போன ஊசியை உருளைக்குள் போகும் முன் விரல் நுனியாலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவள் கை பட்ட துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இன்னொருவர் என் மகள், வயது இருபத்திரண்டு, ஏழு மாதத்துக்கு முன் சேர்ந்தவள். நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. கீழே நாங்கள், மேலே சின்னவள் குடும்பம், அடுப்பு ஒன்று. என் கொழுந்தன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டு இரண்டு வருடமாக வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறார். மேல்வீட்டுக்குச் சின்னவளின் சம்பளம் மட்டும்தான்.

வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டுத் தாள் வரும். வேகம், சுத்தம், கவனம், நடத்தை, புது இயந்திரம் கற்றுக்கொள்வது என்று ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மேற்பார்வையாளர் மார்க் போட வேண்டும். ஒன்று வாங்கியவர்களைத் திருத்துவதற்காக இயந்திரக் கம்பெனியின் பயிற்சிக் கூடத்துக்கு ஐந்து நாள் அனுப்புவார்கள். அவர்களை ஏற்றிப்போகும் வேனில் ஏழு இருக்கை, ஆகவே ஏழு பேர். அங்கே நாற்காலி உண்டு, ஏ.சி. உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசுவார். விளக்கை அணைத்துவிடுவதால் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிடுவார்கள். உள்ளது உள்ளபடி மார்க் போட்டால் இந்தச் சுகம் சோம்பேறிகளுக்குத்தான் போகும். அதனால் எனக்கு முந்தைய மேற்பார்வையாளர் காலத்திலிருந்தே எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் கால் வீங்கியிருக்கிறதோ, யார் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தார்களோ, யார் வீட்டில் கஷ்டமோ, அவர்களுக்கு ஐந்து கட்டத்திலும் ஒன்று போட்டு அனுப்பிவைப்போம். புதிதாக வந்த இளவட்டங்களுக்கு ஐந்து போடுவோம். அவர்கள் நின்று வேலை பார்க்கட்டும், அவர்களுக்கு என்ன கேடு என்றுதான்.

தாள் ஒட்டிய உறையில் மேலே போகும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிரிவில் யாருக்கும் தெரியாது. இந்த வருடம் என் பெயரைக் கொடுங்கள் அக்கா என்று கேட்பார்கள், கொடுப்பேன். எப்படிக் கொடுக்கிறேன் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வெளியே தெரிந்தால் வழக்கம் நின்றுவிடும் என்ற பயம். வெறும் ஒன்று போட்டால் தாள் திரும்பி வரும், காரணமும் எழுத வேண்டும். நான் வருடா வருடம் ஏழு பேருக்கும் ஒரே வாசகத்தை எழுதுவேன்: ‘கவனக் குறைவு. பலமுறை கண்டித்தும் திருந்தவில்லை.’ எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். இப்போது அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சென்ற வருடக் கடைசியில் புது எச்.ஆர். அதிகாரி வந்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். எல்லோரையும் அக்கா, அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். நாங்கள் அவருக்குச் சர்க்கரை என்று பெயர் வைத்தோம். அவர் எங்களோடு கை குலுக்குவார், குலுக்கிய பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துக் கையில் மருந்து தடவிக்கொள்வார். வந்த இரண்டாவது வாரமே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பயிற்சிக்கு எப்படி ஆள் எடுக்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டதால், நானும் வழக்கத்தை ஒளிக்காமல் சொன்னேன். அருமையான வழக்கம் அக்கா, அப்படியே செய்யுங்கள் என்று சிரித்தார்.

அதன் பிறகு, வழக்கமாக வெயில் காலத்தில் வரும் மதிப்பீட்டுத் தாள் இந்த முறை மூன்று மாதம் முன்பே வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, பயிற்சிக் கூடத்தில் இப்போதே இடம் கிடைத்துவிட்டது, ஏழு பேர் போதும் என்றார். நான் ஏழு பேருக்கு ஒன்று போட்டேன். அதில் சின்னவளும் ஒருத்தி. அவள் கணவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, பிறகு வேலைக்கு வந்து நின்று, முட்டி இரண்டும் வீங்கிக் கிடந்தன. அவளாகக் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். என் மகளுக்கு எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டேன்.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பயிற்சி சம்பந்தமாகப் பேச வேண்டும் என்று சொல்லி அந்த ஏழு பேரையும் மாடி அறைக்கு ஒவ்வொருவராக அனுப்பச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். சின்னவள் மூன்றாவதாகப் போனாள். போகும்போது, ஏ.சி. குளிருமே, போர்த்திக்கொள்ள எதையாவது கொண்டுபோக வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். போனவர்கள் யாரும் பிரிவுக்குத் திரும்பவில்லை. அப்படியே வேனில் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, மிச்சமிருந்தவர்களை இரண்டு உருளைக்கும் பிரித்து நிறுத்தினேன். அதன் பிறகு பன்னிரண்டரை மணிக்குக் காவலாளி ஒரு சாவிக்கொத்தோடு வந்து ஏழு பேருடைய பெட்டிகளையும் திறந்து, செருப்பு, சீப்பு, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் குப்பைக்கு வைக்கும் கறுப்புப் பைகளில் போட்டுக்கட்டினார். என்ன இது என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

நான் மாடிக்கு ஓடினேன். மேசையில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட் இருந்தது, யாரும் தொடவில்லை. பக்கத்தில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி, புதிது. அழப்போகிறவர்களுக்கு வசதியாக முதல் காகிதத்தைப் பாதி இழுத்து வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டை ஒருவர் காலையிலேயே வந்து உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார். சர்க்கரை எழுந்து நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

“எல்லாம் நீங்க போட்ட மார்க்தான் அக்கா. உங்கள மாதிரி மனசாட்சியோட யாரும் போட மாட்டாங்க. எங்க வேலைய ரொம்ப சுலபமாக்கிட்டீங்க.”

சொல்லிவிட்டு என் கையை விட்டார், புட்டியை எடுத்து மருந்து தடவிக்கொண்டார். தானே மடிக்கும் இயந்திரம் ஒன்று வரப்போகிறது, ஏழு பேர் மிகை, ஆனால் யாரையும் நாங்கள் நீக்கவில்லை, ஏழு பேரும் தாங்களாகவே விலகல் கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்று விளக்கினார். நான் கீழே வந்து கழிவறையில் வாந்தி எடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரித் துணியிலிருந்து ரத்தம், சீழ், மலம் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. இதை எழுத வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். சின்னவள் கீழே அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், கறுப்புப் பை பக்கத்தில் கட்டு அவிழ்க்காமல் இருந்தது. அந்த அறையில் நடந்ததை அவளிடமிருந்தும் பிறகு மற்ற ஆறு பேரிடமிருந்தும் தெரிந்துகொண்டேன். ஏழு பேருக்கும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. முதலில் சர்க்கரை தாளைக் கையில் கொடுத்து, என் கையெழுத்தை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு கட்டம் கட்டமாக மார்க்கை வாசித்திருக்கிறார். அதன் பிறகு நான் எழுதிய காரணத்தை இரண்டு முறை வாசித்திருக்கிறார். ஆட்குறைப்பு என்று போனால் இந்தத் தாளைப் பலகையில் ஒட்ட வேண்டி வரும், விசாரணையில் எல்லோர் முன்பும் படிக்க வேண்டி வரும், குடும்பத்துக்கும் தெரியும். தானாக விலகினால் இந்த அறையோடு போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். கடிதம் தயாராகத் தட்டச்சு செய்து இருந்திருக்கிறது. வெட்கம் தாங்காமல் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இதில் ஒரு பெண் என் பிரசவத்துக்குத் துணைக்கு நின்றவள்.

சின்னவள் என்னோடு சண்டை போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்:

“சுத்தத்துக்கு ஒன்னு போட்டீங்க, போகட்டும். நடத்தைக்கு எதுக்குக்கா ஒன்னு?”

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் கொழுந்தன் இதைக் கேட்டார். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிப் போனார். வழக்கமாக அவள் கை கொடுக்காமல் ஏற மாட்டார். நான் வழக்கத்தைப் பற்றி முழுக்கச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, உங்கள் மகளுக்கு எவ்வளவு போட்டீர்கள் என்றாள். ஐந்து என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் சாகும்வரை மறக்க முடியாது. அதன் பிறகு கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். மறுநாள் மேலே தனியாக ஒரு ஸ்டவ் வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் மகளைக் காப்பாற்றுவதற்காகச் சின்னவள் தலையில் மண்ணைப் போட்டேன் என்று அவள் நினைக்கிறாள். வெளியிலிருந்து பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்; நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

புதன்கிழமை இடைவேளையில் தொழிலாளர் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஆலையில் பாய்லர் இயக்குபவர், நாங்கள் பாய்லர் அண்ணன் என்போம். அவர் எங்கள் வேலை விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஆட்குறைப்பு என்றால் சேர்ந்த தேதி வரிசையில் எல்லோர் பெயரையும் பலகையில் ஒட்ட வேண்டும். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். அந்த வரிசையை மீறினால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லப் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும். சங்கத்தைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். மறுபடி ஆள் எடுக்கும்போது போனவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். தானாக விலகினேன் என்று கையெழுத்துப் போட்டவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. இந்தப் புத்தகத்தை இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. பொய் சொல்லி வாங்கிய கடிதம் செல்லாது, ஆனால் மார்க் பொய் என்று நிரூபிக்க வேண்டும், உன் வாய்ப்பேச்சு மட்டும் போதாது என்றார் அண்ணன். பழைய வருடத் தாள்களில் இதே சின்னவள் ஒரு வருடம் ஒன்றும் மறுவருடம் ஐந்தும் வாங்கியிருப்பாள், அதைப் பக்கத்தில் வைத்தாலே சாயம் வெளுத்துவிடும், அவை அலுவலகத்தில் பச்சைக் கோப்பில் இருக்கும், கேட்டு மனுக்கொடு என்றார். எடுத்து வா என்று அவர் சொல்லவில்லை. அதிகாரி மூன்று முறை கேட்டதால் மூன்று முறையும் சொல்கிறேன், அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை அதைப் படித்துவிட்டு மடித்து மேசைக்குள் போட்டார். பழைய தாள்களெல்லாம் சனிக்கிழமை துண்டு துண்டாக வெட்டக் கொடுக்கப்போகிறோம், இடம் அடைக்கிறது என்றார். அதன் பிறகு ஒரு தட்டச்சுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். இவ்வருட மார்க் முழுவதையும் நேர்மையாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் போட்டேன் என்று நான் உறுதி சொல்வதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் புது இயந்திரத்துக்கு நான்தான் பொறுப்பாளர் என்றார். நான் பேனாவைத் தொடவில்லை. அப்போது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“வரிசைப்படி பாத்தா மொதல்ல யார் போவாங்கன்னு உங்களுக்கே தெரியும். உங்க பொண்ணு நல்ல மார்க்ல இருக்கா அக்கா. அத நாமளே ஏன் கெடுத்துக்கணும்?”

நாம் என்று சொன்னார். அந்த ஒரு சொல் உடம்பெல்லாம் எச்சில் வழிவது போல இருந்தது. அதைவிடக் கேவலம், நான் உடனே எழுந்து வரவில்லை. ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னைத் தப்பாக எடை போடவில்லை என்பது அப்போது எனக்கே தெரிந்தது. அன்று மாலை முழுவதும் உண்மையாகவே யோசித்தேன். மகள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கல்லூரியில் பாதியில் விட்ட படிப்பைத் தபாலில் தொடர்கிறாள். மேலே ஸ்டவ் எரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அலமாரிச் சாவி எப்போதும் போல வருகைப் பதிவேட்டுக்குக் கீழே இருந்தது. பேனா, காகிதம் எடுக்க மேற்பார்வையாளர்கள் எல்லோரும் அதைத்தான் எடுப்போம். பூட்டை உடைத்ததாகப் புகாரில் உள்ளது பொய். பச்சைக் கோப்பை எடுத்துத் தொற்று நோயாளிகளின் துணி போடும் சிவப்புப் பையில் வைத்துக் கட்டினேன். வேலை முடிந்து போகும்போது காவலாளி எல்லோருடைய கைப்பையையும் துழாவிப் பார்ப்பார், யாராவது ஒரு துண்டைக் கொண்டுபோய்விடுவோமாம். சிவப்புப் பையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போய் வழி விட்டார்.

வீட்டில் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். பதினொரு வருடத் தாள்களும் இருந்தன. அவற்றுக்கு மேலே, இந்த வருடத் தாள் எனக்கு வருவதற்கு இருபது நாள் முந்தைய தேதி போட்டு, சர்க்கரை மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று இருந்தது. மடிப்பில் ஏழு பேரைக் குறைக்க வேண்டும் என்றும், சேர்ந்த தேதி வரிசைப்படி போனால் சம்பளம் குறைந்த புதியவர்கள்தான் போவார்கள், பழையவர்கள் போவதுதான் லாபம் என்றும் எழுதியிருந்தார். அதன் பிறகு இருந்த வரியை நான் மனப்பாடமாகச் சொல்வேன்: ‘மேற்பார்வையாளர் பழையவர்களுக்கு வழக்கமாகவே குறைந்த மதிப்பெண் இடுகிறார், இது பயிற்சிக்கான தாள் என்றே அவர் எண்ணிக்கொள்ளட்டும்.’ அந்தக் கடிதத்தை நான் நாலைந்து தடவை படித்தேன். நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் வைத்த இரக்கம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு விழும் என்று ஒரு மனிதன் கணக்காகத் தெரிந்துவைத்துக்கொண்டு, என் கையாலேயே அதைச் செய்ய வைத்திருக்கிறான். மரியாதையாக எழுத வேண்டும் என்று அதிகாரி சொன்னதால், வைத்திருக்கிறார் என்று எழுதிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை கோப்பை மேலே எடுத்துப் போனேன். சின்னவள் கதவைத் திறந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே பதினொரு வருடத் தாள்களையும் கடிதத்தையும் படித்தாள். படித்துவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்து, “இத எங்கிட்ட காட்டி என்ன பண்றது? அந்த மார்க் பொய்னு எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா?” என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு வாருங்கள் என்று கதவைச் சாத்தினாள். அதற்குள் புகார் வந்துவிட்டதால் திங்கட்கிழமையாகிய இன்று இங்கே அழைக்கப்பட்டேன். கோப்பைக் கொண்டுவந்து ஒப்படைத்துள்ளேன். ஒரு தாளும் குறையவில்லை.

இந்த வாக்குமூலம் எனக்கு எதிராகவும் பயன்படும், என் வேலையும் போகலாம் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். புரிந்தது என்றேன். ஏழு பேருக்கும் நான் போட்ட மார்க் பொய், எழுதிய காரணம் பொய். அவர்களில் யாரையும் நான் ஒருமுறைகூடக் கண்டித்ததில்லை, கண்டிக்கும்படி அவர்கள் ஒன்றும் செய்ததில்லை. நடத்தை என்ற கட்டத்தில் இன்னொருவருக்கு மார்க் போட எனக்கு என்ன யோக்கியதை என்று இப்போது தெரியவில்லை.

முறைப்படி ஆள் குறைத்திருந்தால் யார் யார் போயிருப்பார்கள் என்று அதிகாரி கேட்டார். சேர்ந்த தேதி வரிசை எனக்குத் தலைகீழாகத் தெரியும். கடைசியிலிருந்து ஏழு பேரைச் சொன்னேன், தனித்தாளில் எழுதிக்கொண்டார்கள். அந்த ஏழில் சின்னவள் இல்லை, நான் ஒன்று போட்ட யாரும் இல்லை. முதலில் போக வேண்டியவள் என் மகள். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. காலையில் என்னைக் கைபிடித்து இங்கே கூட்டி வந்தவள் அவள்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அரை நாள்தான் லீவு சொல்லியிருக்கிறேன், ஒரு மணிக்குள் உருளையில் நிற்காவிட்டால் வேலையில் பெயர் கெட்டுவிடும், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் அம்மா என்று இதற்குள் இரண்டு முறை கதவருகே வந்து கேட்டுவிட்டாள்.

எழுதிய முழுவதையும் அதிகாரி உரக்கப் படித்துக் காட்டினார், நானும் கண்ணால் வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. எல்லாம் நான் சொன்னது, எல்லாம் நடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டுள்ளேன்.

(ஒப்பம்)
மேற்பார்வையாளர், மடிப்புப் பிரிவு

என் முன்னிலையில் ஒப்பமிட்டார். நேரம் பகல் 12.40.
(ஒப்பம்)
பதிவு செய்த அதிகாரி